யார் சொன்ன வழி?

புதுச்சேரி பஸ் நிலையத்தில் காலாப்பட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாக உட்காருங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம் வருகிறது. அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அடுத்து வரும் பெரியமுதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். அப்புறம் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. இன்னும் கொஞ்சம் வடக்கே போய்க் கனகசெட்டிக்குளத்தைக் கடந்தால் திரும்பவும் தமிழ்நாடு! காலாப்பட்டிலுள்ள பல்கலைக் கழகத்துக்குப் போகிற உள்ளூர் மாணவர், தினமும் பக்கத்து மாநிலத்தின் வழியாகத்தான் தம் சொந்த மாநிலத்தின் இன்னொரு மூலைக்குப் போய்ச் சேருகிறார்.

இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர்களுக்கு எல்லை, சாவடி, சோதனை என்பவை புதிய சங்கதிகள் அல்ல. 1949 ஏப்ரலில் பிரெஞ்சு இந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாட்டை இந்திய சர்க்கார் முடித்துக்கொண்டது. அன்று முதல், 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரையில், கடலூர்ச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் மூட்டைகளை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அப்பால் போகமுடியும். இன்றைக்கும் கோரிமேட்டிலும் முள்ளோடையிலும் மதகடிப்பட்டிலும் மதுப்புட்டிக்காக வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது உண்டு.

சாவடிக்காரர் கேட்கிற கேள்விகள் எந்தக் காலத்திலும் இரண்டுதான். "இது யாருடையது?" என்பது ஒன்று. "எந்த வழியாக வந்தது?" என்பது மற்றொன்று. இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க மறந்துபோனதால் உலகத்தில் பாதிப்பேர் ஒரு நள்ளிரவில் திகைத்து நின்ற கதையை இங்கே சொல்லப் போகிறோம். சாலையில் நடந்த கதையல்ல, இணையத்தில் நடந்தது. ஆனால் சாவடி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, வேலியும் இருக்கிறது.

நான்கு ஊர், ஒரு நிர்வாகம்

இணையம் என்பது ஒரே பெரிய வலை என்று நாம் பேசிவருகிறோம். உண்மையில் அது வலைகளின் கூட்டம். ஒவ்வொரு வலைக்கும் ஒரு நிர்வாகம்; ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஓர் எண். புதுச்சேரி மாநிலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியும் காரைக்காலும் வங்கக் கடலோரம், ஏனாம் ஆந்திரத்துக்குள்ளே, மாஹி கேரளத்துக்குள்ளே. நிலம் ஒட்டவில்லை; ஆனால் நிர்வாகம் ஒன்று. இணையத்திலும் அப்படியே. ஒரு நிர்வாகத்தின் கீழ் இருக்கும் கம்பிகளும் கருவிகளும் எங்கே சிதறிக் கிடந்தாலும் அவை ஒரே 'தன்னாட்சி வலை'. பி.எஸ்.என்.எல். வலையின் எண் 9829. ஏர்டெலின் எண் 9498. ஜியோவுக்கு 55836. இப்படி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வலைகள் இன்று உலகில் இயங்குகின்றன.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டுக் கைபேசியால் பணம் கொடுக்கிறாரே, அவருடைய கட்டளை பல துண்டுகளாகப் பிரிந்து, ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குத் தாவித்தான் போகிறது. புதுச்சேரியிலிருந்து ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பார்க்க விரும்பினால், அந்தத் துண்டுகள் சென்னைக்குப் போய், 2002-ல் சிங்கப்பூருக்குப் போட்ட ஐ-டு-ஐ கடலடிக் கம்பி போன்ற ஒன்றில் இறங்கி அக்கரை சேரலாம். ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் 'ரூட்டர்' என்ற கருவி நின்றுகொண்டு, "இந்தத் துண்டு இந்தப் பக்கம், அந்தத் துண்டு அந்தப் பக்கம்" என்று கைகாட்டி விடுகிறது.

அந்த ரூட்டருக்கு வழி எப்படித் தெரியும்? விசேஷமே இங்கேதான் இருக்கிறது. உலகப் படம் ஒன்று எங்காவது மாட்டி வைத்திருக்கிறதா என்றால், இல்லை. அண்டை வலை சொல்கிறது, இது நம்புகிறது! "இன்ன எண் முதல் இன்ன எண் வரை உள்ள முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒரு வலை தன் அண்டைக்காரரிடம் அறிவிக்கிறது. அவர் தம் எண்ணையும் முன்னால் சேர்த்துக்கொண்டு அடுத்தவருக்குச் சொல்கிறார். அடுத்தவர் அதற்கு அடுத்தவருக்கு. கிராமத்துச் செய்தி திண்ணைக்குத் திண்ணை தாவுகிற மாதிரிதான். ஒரு வித்தியாசம் உண்டு: திண்ணைச் செய்தியில் யார் யார் வாயில் புகுந்து வந்தது என்பது மறந்துபோகும், இங்கே அந்த வரிசை முழுவதும் செய்தியோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இந்த ஏற்பாட்டுக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த கிர்க் லாகீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள், சாப்பாட்டு மேஜையில் இருந்த காகிதத் துவாலைகளின் மேல் இதற்கு உருக்கொடுத்தார்கள். அப்போது இணையம் ஒருவரையொருவர் அறிந்தவர்களின் சிறிய கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லுவார் என்ற நினைப்பே எழவில்லை. அந்தக் காகிதத் துவாலையின் சந்ததிதான் இன்று பத்து லட்சத்தை ஒட்டிய வழி அறிவிப்புகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

நள்ளிரவில் ஒரு வதந்தி

2008 பிப்ரவரி 25, திங்கட்கிழமை. நம் நாட்டுக் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டி 12 மணி 17 நிமிஷம். பாகிஸ்தான் சர்க்கார் தன் நாட்டில் யூடியூபை யாரும் பார்க்கக் கூடாதென்று உத்தரவிட்டிருந்தது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய பாகிஸ்தான் டெலிகாம் ஒரு சுலபமான உபாயம் செய்தது. "யூடியூப் முகவரிகளுக்கு என்னிடம் வாருங்கள்" என்று ஓர் அறிவிப்பு. வந்ததையெல்லாம் பாழுங்கிணற்றில் தள்ளுவது. தன் வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டிய இந்தச் செய்தி, தவறிப்போய் வாசல் தாண்டி ஹாங்காங்கிலுள்ள பி.சி.சி.டபிள்யூ. என்ற பெரிய வலையின் காதில் விழுந்தது. அந்த வலை, "இந்த முகவரி உன்னுடையதா?" என்று கேட்கவில்லை. அப்படியே உலகத்துக்குச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு வேண்டும். யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22 என்ற தொகுதி. அதில் 1,024 முகவரிகள். பாகிஸ்தானிலிருந்து வந்தது 208.65.153.0/24 என்ற அறிவிப்பு. அதே தொகுதிக்குள் அடங்கிய 256 முகவரிகள். சரிவுக்கோட்டுக்கு அப்புறம் வரும் எண் பெரிதாக ஆக, தொகுதி சிறிதாகும். பெரிய தொகுதிக்கு ஒரு வழியும், அதற்குள்ளிருக்கும் சிறிய தொகுதிக்கு வேறொரு வழியும் தெரிந்தால், சிறியதற்குச் சொன்ன வழியையே ரூட்டர் எடுக்கும். 'புதுச்சேரி' என்று ஒரு கைகாட்டியும், 'முத்தியால்பேட்டை, இன்ன தெரு' என்று இன்னொரு கைகாட்டியும் நின்றால், தெருவைச் சொல்லும் கைகாட்டியைத்தானே நாமும் நம்புவோம்? அதேபோல, உலகெங்கும் யூடியூபைத் தேடியவர்களின் துண்டுகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, அங்கே கிணற்றில் விழுந்தன.

யூடியூப் கம்பெனியின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1 மணி 37 நிமிஷத்துக்கு அதே 256-க்குத் தாங்களும் அறிவிப்புக் கொடுத்தார்கள். பாதிப்பேர்தான் திரும்பினார்கள். 1 மணி 48 நிமிஷத்துக்கு அதையும் இரண்டாக வெட்டி, 128, 128 ஆக அறிவித்தார்கள். கடைசியில் 2 மணி 31 நிமிஷத்துக்கு ஹாங்காங் வலை பொய் அறிவிப்பை நிறுத்திய பிறகுதான் நிலைமை சீரடைந்தது. ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம்! ஒரு நாட்டுக்குள் போட்ட தடை உலகத்தடையாகிவிட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. யாரும் கள்ளச்சாவி போடவில்லை. ஒருவர் சொன்னார், இன்னொருவர் கேட்காமல் நம்பினார். அவ்வளவுதான்.

சாவடிக்காரரின் பட்டியல்

இந்த மாதிரி விபத்தைத் தடுக்க வழி இல்லையா? அப்போதே இருந்தது. அதற்குப் பெயர் 'அக்ஸஸ் லிஸ்ட்'. நம் மொழியில் அனுமதிப் பட்டியல் என்று சொல்லலாம். ஒரு வலைக்கும் அதன் அண்டை வலைக்கும் நடுவில் நிற்கும் ரூட்டருக்கு இதைக் கொடுத்துவைப்பார்கள். வருகிற ஒவ்வொரு வழி அறிவிப்பையும் அது பட்டியலோடு ஒத்துப்பார்த்து, கொள்ளும் அல்லது தள்ளும். ஒரு பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முதல் வரி: நம்முடைய சொந்த முகவரிகளை வெளியார் அறிவித்தால், தள்ளு.
இரண்டாம் வரி: 10 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை, ஆகவே தள்ளு.
மூன்றாம் வரி: இந்த வாடிக்கைக்காரருக்குப் பதிவேட்டின்படி சொந்தமான தொகுதி, கொள்.

இதற்கப்புறம் எழுதப்படாத நான்காம் வரி ஒன்று உண்டு: மற்ற எல்லாவற்றையும் தள்ளு. கண்ணுக்குத் தெரியாத இந்த வரியில்தான் பட்டியலின் பலமெல்லாம் இருக்கிறது. பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. கீழ் வரிகளை ரூட்டர் திரும்பியும் பாராது. 'எல்லாவற்றையும் கொள்' என்று எவனோ ஒருவன் மேலே எழுதிவைத்துவிட்டால், அதன் கீழே நூறு தடைகளை எழுதினாலும் ஒன்றும் நடக்காது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதில் இடறி விழுவது வழக்கம்.

இரண்டாவது, தொகுதியின் அளவு. பழைய தினுசு அனுமதிப் பட்டியல், முகவரி எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்கும்; தொகுதி எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல அதில் நேரான வசதி இல்லை. 'இந்தத் தெரு' என்று எழுதினால், தெரு முழுவதற்குமான அறிவிப்பும் உள்ளே வரும். அதிலுள்ள ஒரே வீட்டுக்கான அறிவிப்பும் உள்ளே வரும். ஒரு சிறு துண்டு என்ன பாடு படுத்தும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே! ஆகவே தொகுதியின் அளவையும் சேர்த்துச் சொல்லும் 'பிரிஃபிக்ஸ் லிஸ்ட்' என்ற புதிய தினுசுப் பட்டியல் பிற்பாடு வழக்கத்துக்கு வந்தது. 'இந்த 1,024 மட்டும். இதை வெட்டிய துண்டுகள் கூடாது' என்று அதில் எழுதலாம்.

ஹாங்காங் வலை இப்படி ஒரு பட்டியலைத் தன் பாகிஸ்தான் வாடிக்கைக்காரருக்கு எதிரே மாட்டி வைத்திருந்தால், அந்த அறிவிப்பு வாசலிலேயே விழுந்திருக்கும். யூடியூபின் முகவரி பாகிஸ்தான் டெலிகாமின் பட்டியலில் எப்படி இருக்க முடியும்?

வண்டி நம்பர் பார்க்கும் வித்தை

"இது யாருடையது?" என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல் போதும். "எந்த வழியாக வந்தது?" என்ற கேள்விக்கு வேறு கருவி வேண்டும். வழி அறிவிப்போடு வலை எண்களின் வரிசை ஒட்டிக்கொண்டு வருகிறது என்றோமல்லவா? இடது கோடியில் நமக்குச் சொன்ன அண்டைக்காரர். வலது கோடியில் முதன்முதலில் சொன்னவர். 2008-ல் வந்த பொய் அறிவிப்பில் '3491 17557' என்ற வரிசை இருந்தது. 3491 ஹாங்காங் வலை. 17557 பாகிஸ்தான் டெலிகாம். இந்த வரிசையை ஓர் அச்சோடு ஒத்துப்பார்ப்பதே இரண்டாவது வித்தை. 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்பது அந்த அச்சின் பெயர். இதன் வேர் 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் க்ளீனி செய்த ஆராய்ச்சி. 1968-ல் கென் தாம்ஸன் அதைக் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேடும் கருவியாக்கினார்.

வண்டி நம்பரை வைத்து இதை விளக்கிவிடலாம். புதுச்சேரி வண்டிகளுக்கு 'பி.ஒய். 01' என்று நம்பர் தொடங்கும். காரைக்காலுக்கு 02, மாஹிக்கு 03, ஏனாமுக்கு 04. சாவடியில் நிற்கும் காவலரிடம், "பி.ஒய். என்று தொடங்கும் வண்டிகளை மட்டும் விடு" என்று சொன்னால், அது ஓர் அச்சு. ஒவ்வொரு வண்டியின் முழு நம்பரையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 'தொடங்கும்' என்பதற்கு இந்தப் பாஷையில் ^ என்ற கூரைக்குறி. 'முடியும்' என்பதற்கு $ என்ற டாலர் குறி. எண்ணின் இரு பக்கமும் எல்லை கட்ட _ என்ற அடிக்கோடு. புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் அது எத்தனை தடவை வந்தாலும் சரி.

ஆகவே, ^3491_ என்றால், 'ஹாங்காங் வலை நேரே நமக்குச் சொன்னது' என்று பொருள். _17557$ என்றால், 'பாகிஸ்தான் டெலிகாம் தொடங்கிவைத்தது'. ^9829$ என்றால், 'பி.எஸ்.என்.எல். சொன்னது, அதற்குப் பின்னால் வேறு யாரும் இல்லை'. நாலைந்து குறிகளில் எவ்வளவு பெரிய கட்டளை அடங்கிவிட்டது பாருங்கள்!

சுருக்கத்தில் சௌகரியம் இருக்கிற அளவுக்கு ஆபத்தும் உண்டு. "01 உள்ள வண்டிகளை நிறுத்து" என்று காவலரிடம் மொட்டையாகச் சொன்னால் என்ன ஆகும்? புதுச்சேரி வண்டியோடு சென்னையின் 'டி.என். 01' வண்டியும் நிற்கும்; 4017 என்று முடிகிற வண்டியும் நிற்கும். அப்படியே, அடிக்கோடு இல்லாமல் 9829 என்று மட்டும் எழுதினால், 19829-ம் 98290-ம் கூட அந்த அச்சில் பொருந்தும். ஒரு சம்பந்தமும் இல்லாத யாரோ உள்ளே வருவார்கள், அல்லது வெளியே நிற்பார்கள். புள்ளியையும் நட்சத்திரத்தையும் சேர்த்து .* என்று எழுதிவிட்டாலோ, 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று கதவைக் கழற்றி வைத்ததற்குச் சமானம்.

வித்தையிலேயே மிகச் சிறியது ^$ என்பது. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. பிறர் எண் எதுவும் ஒட்டாத அறிவிப்பு, அஃதாவது, நமக்குச் சொந்தமானது மட்டும். இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கியிருக்கும் ஒரு கல்லூரியோ ஆஸ்பத்திரியோ, தான் வெளியே சொல்லும் அறிவிப்புகளுக்கு இந்த அச்சைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கம்பெனியிடம் கேட்டதை மற்றதன் காதில் ஓதி, 'உலகத்துக்கெல்லாம் என் வழியாகப் போகலாம்' என்று தன்னை அறியாமலே சொல்லிவிடும். நேரு வீதிப் போக்குவரத்தை நம் வீட்டுத் தாழ்வாரத்தின் வழியாகத் திருப்பிவிட்ட கதைதான்.

தாழ்வாரத்தில் வந்த வெள்ளம்

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூன் 24-ந் தேதி, நம் நேரப்படி மாலை 4 மணிக்கு இதுவே நடந்தது. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் டி.க்யூ.ஈ. என்ற சிறிய இணையக் கம்பெனி, போக்குவரத்தைச் சீர்படுத்துவதற்காக ஒரு மென்பொருளை வைத்திருந்தது. அந்த மென்பொருள், உலக முகவரித் தொகுதிகளைச் சிறு துண்டுகளாக வெட்டித் தன் உள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும். அந்தத் துண்டுகள் தவறிப்போய் அதன் வாடிக்கைக்காரரான அலிகெனி டெக்னாலஜிஸ் என்ற உலோக உற்பத்திக் கம்பெனிக்குப் போயின. அந்தக் கம்பெனி, தனக்கு இணைப்புத் தரும் இன்னொரு கம்பெனியான வெரிஸானுக்கு அவற்றைச் சொல்லிவிட்டது. வெரிஸான் மகா பெரிய வலை; அது சொன்னால் உலகம் கேட்கும். கேட்டது!

கிளவுட்ஃப்ளேர், அமேஸான் போன்ற பெரிய ஸ்தாபனங்களுக்குப் போகவேண்டிய போக்குவரத்தில் ஒரு பங்கு, உருக்கும் உலோகமும் செய்கிற ஒரு கம்பெனியின் சின்னக் கம்பிக்குள் புகுந்து திணறியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எத்தனையோ தளங்கள் திறக்கவில்லை.

2008-க்கும் 2019-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்னதில் வழி நேர்மையானது, முகவரிதான் பொய். வரிசையை மட்டும் பார்க்கிற காவலர், 'வாடிக்கைக்காரர் தாமே சொல்கிறார். சரி' என்று அதை விட்டிருப்பார். பின்னதில் வரிசையின் கோடியில் உண்மையான சொந்தக்காரரின் எண்ணே இருந்தது. ஆனால் ஓர் உலோகக் கம்பெனியின் பின்னால் உலகத்துப் பெரிய வலைகளெல்லாம் எப்படி நிற்க முடியும்? வழி தவறு. ஆகவே ஒரு கேள்வி போதாது. இரண்டையும் கேட்க வேண்டும். இவற்றோடு மூன்றாவதாக ஓர் எண்ணிக்கை வரம்பும் உண்டு: 'இந்த வாடிக்கைக்காரரிடமிருந்து இத்தனை அறிவிப்புகளுக்கு மேல் வந்தால் இணைப்பை நிறுத்து' என்று எழுதிவைப்பது. பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் ஆயிரம் இலை கேட்டால் ஏதோ விபரீதம் என்று தெரிய வேண்டாமா?

நம் நாட்டிலும் இந்த அனுபவம் உண்டு. 2015 நவம்பர் 6-ந் தேதி, ஏர்டெலின் 9498 வலை பிறருக்குச் சொந்தமான ஏறத்தாழ 16,000 தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது. காலையில் தொடங்கியது இரவு வரை நீடித்தது. 2021 ஏப்ரல் 16-ந் தேதி மாலை, வோடஃபோன் ஐடியாவின் 55410 வலையிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள் இவ்விதமே புறப்பட்டுச் சுமார் பத்து நிமிஷம் உலகத்தைக் குழப்பின. கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. இரு சமயங்களிலும் முதல் தவறு ஒருவருடையது. அதைப் பரப்பியது, பட்டியல் வைக்காத அண்டைக்காரர்கள்.

பூட்டும் வேலியும்

மனிதர் எழுதும் பட்டியலில் தவறு வரும் என்பதால், இப்போது முத்திரை வைக்கும் முறை ஒன்று பரவி வருகிறது. ஆர்.பி.கே.ஐ. என்பது அதன் பெயர். முகவரித் தொகுதியின் சொந்தக்காரர், 'இதை அறிவிக்க இன்ன எண்ணுள்ள வலைக்கே உரிமை. இதைவிடச் சிறு துண்டாக வெட்டக்கூடாது' என்று கணித முத்திரையிட்ட பத்திரம் ஒன்றைப் பதிவு செய்து வைக்கிறார். நம் நாட்டில் 2012 முதல் இயங்கும் ஐரின் பதிவகத்தில் முகவரி பெற்றவர்கள் இதைச் செய்யலாம். உலக வழி அறிவிப்புகளில் பாதிக்கு மேல் இத்தகைய பத்திரம் உண்டாகிவிட்டது 2024-ல். 2008-ல் நடந்தது போன்ற பொய்யை இது பிடித்துவிடும். ஆனால் இந்த முத்திரை முதல் கேள்விக்கு மட்டுமே விடை. 'எந்த வழியாக வந்தது?' என்பதை அது பார்க்காது. அதற்கு இன்னும் கூரையும் டாலரும் அடிக்கோடும்தான் கதி.

அப்படியானால் வேலியை நெருக்கமாகக் கட்டிவிட்டால் கவலை தீர்ந்ததா? புதுச்சேரிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லத் தகுதி உள்ளவர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த நகரத்தைச் சுற்றிக் கற்றாழையும் முட்செடிகளுமாகப் பெரிய வேலி ஒன்று இருந்தது. சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள். சென்னைச் சாலையில் ஒன்று. வழுதாவூர், வில்லியனூர், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களின் பெயரால் மூன்று. 1760 செப்டம்பரில் ஆங்கிலப் படை அந்த வேலியைக் கைப்பற்றியது. காவலுக்குக் கட்டிய வேலியே முற்றுகைக்கு எல்லைக்கோடாகிவிட்டது. உள்ளே உணவு வர வழியில்லை. 1761 ஜனவரியில் நகரம் பசியால் பணிந்தது.

இணையத்திலும் இந்தப் பசி உண்டு. இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத முகவரிகளிலிருந்து வரும் அறிவிப்பெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று, பலர் அவற்றைத் தள்ளச் சொல்லிப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். நியாயந்தான். 2002-ல், 69 என்று தொடங்கும் முகவரிகள் புதிதாக விநியோகத்துக்கு வந்தன. பழைய பட்டியலை யாரும் திருத்தவில்லை. அந்த எண்களை முறையாகப் பெற்றவர்கள், எத்தனையோ தளங்களின் கதவு தங்களுக்கு மட்டும் திறக்காததைக் கண்டு விழித்தார்கள். குற்றம் செய்யாதவனைப் பழைய பட்டியல் குற்றவாளியாக்கிவிட்டது. பட்டியல் எழுதுவது ஒருநாள் வேலை. அதைத் திருத்திக்கொண்டே இருப்பது ஆயுசு வேலை.

இன்னொன்றும் உண்டு. வாசலில் வைக்கும் பட்டியல், நம்மைப் பிறர் தவற்றிலிருந்து காக்கிறது. வெளியே சொல்வதற்கு வைக்கும் பட்டியலோ, பிறரை நம் தவற்றிலிருந்து காக்கிறது. அதனால் நமக்கு நேரடியான லாபம் ஒன்றும் இல்லை. ஆகையால்தான் பலர் அதை வைப்பதில்லை. மேலே சொன்ன விபத்துகள் எல்லாவற்றிலும், தவறு புறப்பட்ட இடத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் உலகத்துக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே உட்கார்ந்து, அயல்நாட்டிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசும் தாய்க்கு இந்த எண்களும் குறிகளும் தெரிய வேண்டியதில்லை. அவள் குரல் எத்தனையோ வலைகளின் எல்லையைக் கடந்து போகிறது; ஒவ்வொரு எல்லையிலும் ஒரு சாவடி. எங்கோ ஓர் அறையில் ஒரு பொறியாளர், 'இது யாருடையது? எந்த வழியாக வந்தது?' என்ற இரண்டு கேள்விகளை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் மறக்காதவரையில் அந்தத் தாயின் குரல் மகன் காதுக்கே போய்ச் சேரும்.